சீமெந்து அறையில் இரண்டு சுரங்கள்

உடைந்த ஒலியை நான் முதன்முதலில் விரும்பியது கிற்றாரில் அல்ல, தென்னை மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியில்தான். வைகாசியில் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் மேற்குக் கரையான படுவான்கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும் நாட்களில், உடுக்கின் அதிர்வும் பாடுவோரின் குரலும் அந்தப் புனல்களின் வழியே இரவில் வாவியைக் கடந்து எங்கள் வீடு வரை வரும். அம்பிளிஃபயரை அதன் தாங்குதிறனுக்கு அப்பால் திறந்துவைத்திருப்பார்கள். ஆகவே குரல் உச்சத்துக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பு நொறுங்கி, மேலே ஒரு கரகரப்புப் படரும். பெரியவர்கள் அதைக் குறை என்றார்கள். எனக்கோ, பாடுபவரின் தொண்டையில் இருந்த தவிப்பு முழுவதும் அந்தக் கரகரப்பில்தான் கேட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் பங்க் ரொக் இசை காதில் விழுந்தபோது அது எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் புனலின் இன்னொரு இயல்பை மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். அதனிடம் அடித்தொனி கிடையாது. சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை அது ஏறத்தாழ முற்றாகவே கைவிட்டுவிடும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியில் தன் வலு முழுவதையும் செலவிடுவதால்தான் அது வாவியைத் தாண்டி வருகிறது. வீட்டில் டிஸ்டோர்ஷன் கிற்றாரை, அதாவது ஒலியை வேண்டுமென்றே உடைத்து வாசிக்கும் கிற்றாரைப் பதிவுசெய்ய நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒன்றை என் கைகள் ஏற்றுக்கொள்வதற்கு எடுத்த காலம்தான்: அறையில் நின்று வாசிக்கும்போது மார்பை நிறைக்கிற கெயினையும் (ஒலியை உடையும் வரை பெருக்கும் அளவு) அடித்தொனியையும் சத்தத்தையும் குறைத்தால்தான் பதிவில் கிற்றார் சீறுகிறது.

எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்துண்டில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு. என் அறை 10 அடி நீளம், 10 அடி அகலம், கொங்கிறீற் தட்டு வரை 10 அடி உயரம். நான்கு பக்கமும் வழவழவென்று பூசிய சீமெந்துச் சுவர்கள். கல்முனையில் இருக்கும் மாமாவின் மகன் பேஸ் கிற்றார் வாசிக்கிறான். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவான். மேளத்தை மென்பொருளில் அமைத்துக்கொள்கிறோம். என்னிடம் இருப்பவை கம்பியின் அதிர்வை மின்னாக்கும் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்கள் கொண்ட பழைய கிற்றார், 8 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய 10 வாட் அம்ப் (அம்பிளிஃபயர்), ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும், இரண்டு உள்ளீடுகள் உள்ள சிறிய ஒடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் நிறுவிய மடிக்கணினி. எங்கள் பாடல்கள் தமிழில் இருக்கும், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் பதிவில் எல்லாவற்றையும் நிறையத் திருகிவைத்தேன். அம்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கேபிளை நேரே இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தேன். பதிவை ஓடவிட்டபோது குசினியிலிருந்து அம்மா, "என்ன மனே, எண்ணெய்ச் சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். என் பதிவுகளைப் பற்றி இதுவரை யாரும் சொன்னவற்றுள் மிகச் சரியான விவரணை அதுதான். கிற்றார் ஸ்பீக்கர் என்பது ஒலியை உள்ளபடி தரும் கருவியன்று. ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே அதன் வீச்சு வேகமாக விழுந்துவிடுகிறது. டிஸ்டோர்ஷன் பெற்றெடுக்கும் கூரிய பிசிறுகளை அந்தக் காகிதக் கூம்புதான் வடிகட்டி நமக்குத் தருகிறது. ஹெட்ஃபோன் துளையில் ஸ்பீக்கரின் இயல்பைப் போலச் செய்யும் சுற்று இருந்தால் நல்லது. என்னுடைய அம்பில் அது இல்லை. கடுகு வெடித்ததற்கு அதுவே காரணம்.

கெயினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடங்குபவர்கள் எல்லோரும் இடறுவது இங்கேதான். ஒலியலையின் உச்சியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகும்போது, மூலச் சுரத்தின் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வுகள் புதிதாகப் பிறக்கின்றன. இந்தப் புதிய அதிர்வுகளின் கூட்டத்தைத்தான் நாம் டிஸ்டோர்ஷன் என்று கேட்கிறோம். வெட்டும் வேலை கூடக் கூட, மெல்லிய அடிக்கும் வலிய அடிக்கும் உள்ள வேறுபாடு அழிகிறது. மீட்டும் சிறு தகடான பிக் கம்பியில் படும் அந்தக் கணத்தின் கூர்மை முதலில் பலியாகிறது. பங்க் இசையில் கிற்றார் பாதி மேளம் அல்லவா? அந்தக் கூர்மை போய்விட்டால், எவ்வளவு வேகமாக வாசித்தாலும் கேட்பவருக்கு நீண்ட இரைச்சல் ஒன்றே மிஞ்சும். அறையில் தனியாக வாசிக்கும்போது இது தெரிவதில்லை. கையின் அசைவை உடல் உணர்ந்துகொண்டிருப்பதால் பதிவில் இல்லாத அடியையும் நாம் கேட்டதாக நம்பிவிடுகிறோம். இப்போது, வாசிக்கப் போதும் என்று தோன்றும் அளவுக்குக் கெயினை வைத்து, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பதிகிறேன். வாசிப்பது கடினமாகிறது. கை தளர்ந்தால் உடனே காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கடினம்தான் எனக்கு வேண்டும்.

டிஸ்டோர்ஷன் இரண்டு சுரங்களை ஒன்றாகத் தாங்கும், மூன்றாவதைத் தாங்காது என்பதும் இதே கணக்கில் அடங்கும். 110 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் 'ஏ' சுரத்தையும் அதன் பஞ்சமமான 165 ஹேர்ட்ஸையும் ஒன்றாக அடித்து உடைத்தால், அவ்விரண்டின் வேறுபாடான 55 ஹேர்ட்ஸும் கூடப் பிறக்கிறது. அது அதே 'ஏ' சுரத்தின் கீழ் ஸ்தாயி. வாசிக்காத ஒரு சுரம் அடியில் வந்து நின்று இரண்டையும் தாங்குகிறது. இடையில் காந்தாரத்தைச் சேர்த்துவிட்டாலோ, 30 ஹேர்ட்ஸுக்கும் கீழே ஒன்றோடொன்று ஒவ்வாத வேறுபாடுகள் எழுந்து சேறாகக் கலங்குகின்றன. பங்க் கிற்றாரிஸ்ட்டுகள் பவர் கோர்ட் என்று சொல்வது ச–ப இணைவுதான். பழந்தமிழ் இசை குரல், இளி என்று பெயரிட்ட அதே சோடி, 2:3 என்ற அதே விகிதம். காரைதீவில் 1892 இல் பிறந்து, யாழ் நரம்புகளைக் கணிதத்தால் ஆராய்ந்து 1947 இல் பெருநூலாகத் தந்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி எங்கள் கல்லடி உப்போடையில்தான் இருக்கிறது. அந்த வழியாகக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், குரலும் இளியும் என் கையில் இருக்கின்றன என்ற எண்ணம் வரும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அடியின் கூர்மைக்கு, ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் கிற்றாரிஸ்ட் ஜோனி ராமோனைத்தான் நான் ஆசானாகக் கொண்டேன். மேலும் கீழுமாக மாற்றி அடிக்காமல், ஒவ்வோர் அடியையும் கீழ்நோக்கியே அடிப்பது அவர் வழக்கம். எங்கள் பாடலொன்று நிமிடத்துக்கு 180 தாளம். தாளத்துக்கு இரண்டு அடி என்றால் வினாடிக்கு 6 அடி. கீழ்நோக்கிய அடி தடித்த கம்பியை முதலில் தொடுவதால், அடித்தொனிச் சுரம் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில், ஒரே எடையில் விழுகிறது. இதை என் மணிக்கட்டு கற்றுக்கொண்டது 2022 மார்ச் மாதத்தில். அந்த மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அம்ப் இல்லை, மடிக்கணினி இல்லை, காற்றாடியும் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் மின்கிற்றாரை மடியில் வைத்து, அதன் மெல்லிய கம்பி ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு அடித்துப் பழகினேன். மின்சாரம் திரும்பி வந்த பிறகு பதிந்தவற்றை முந்தியவற்றோடு ஒப்பிட்டபோது, கருவி எதையும் மாற்றாமலே கிற்றார் இருமடங்கு வன்மையாக ஒலித்தது. அதே ராமோன்ஸ் தங்கள் முதல் இசைத்தட்டை 1976 இல் ஏறத்தாழ ஒரு வாரத்தில், 6,400 டொலர் செலவில் முடித்தார்கள். அதில் கிற்றாரை வலப்பக்கமும் பேஸை இடப்பக்கமும் பிரித்து நிறுத்தியிருப்பார்கள். ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டால் அந்தக் கையின் ஒழுங்கு தனியாகத் தெரியும். வீட்டில் பதிகிறவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய பயிற்சி இது.

மைக்கை எங்கே வைப்பது என்பதற்கு எனக்கு வழிகாட்டியது வாவி. சிறுவனாக இருந்தபோது, பௌர்ணமி இரவொன்றில் மாமா என்னைத் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்கு மீன் பாடுவதைக் கேட்கக் கூட்டிச் சென்றார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. தோணி ஒரு பாகம் நகர்ந்ததும் மெல்லிய நீண்ட ஒலி துடுப்பின் வழியே ஏறிவந்தது. இன்னும் சிறிது நகர்ந்ததும் மறைந்துவிட்டது. "அசையாத மனே, அந்த இடத்தப் புடி" என்றார் மாமா. ஒலி ஓரிடத்தில் இருக்கிறது, கேட்பவன்தான் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை அன்று காதால் அறிந்தேன்.

ஸ்பீக்கர் கூம்பும் அப்படித்தான். நடுக்குமிழுக்கு நேரே மைக்கை வைத்தால் ஒலி கூர்ந்து வெடிக்கும். விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த இருண்டு தடிக்கும். ஓர் அங்குல நகர்வு அம்பின் திருகுகள் தரும் மாற்றத்தைவிடப் பெரியது. 1965 இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 என்ற மைக் கிற்றார் பதிவில் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, 5,000 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியை அது சற்று உயர்த்திக் காட்டுவதும் ஒரு காரணம். கூட்டங்களில் நாம் காணும் உருண்டைத் தலை எஸ்எம்58 உம் அடிப்படையில் அதே கருவைக் கொண்டதுதான். ஆகவே ஒலிபெருக்கி சேவை வைத்திருக்கும் உறவினரிடம் ஒரு டைனமிக் மைக்கை இரவல் வாங்கினாலே போதும். இடத்தைத் தேடும் முறை இது: கம்பிகளைத் தொடாமல், கெயினைக் கூட்டி, அம்ப் 'ஸ்ஸ்' என்று இரைய விட்டுவிட்டு, ஒருவர் ஹெட்ஃபோனை அணிந்துகொள்ள, மற்றவர் மைக்கைக் கூம்பின் முன்னால் மெல்ல நகர்த்த வேண்டும். இரைச்சல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் நடு. அங்கிருந்து ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ வெளியே வந்தால், என் அம்பில் பாடலுக்குப் பொருந்தும் இடம் கிடைக்கிறது. ஸ்பீக்கரை மூடிய துணியிலிருந்து இரண்டு விரற்கடை தூரம் விடுகிறேன். இன்னும் நெருக்கினால் மைக்கின் இயல்பால் அடித்தொனி ஊதிப் பெருக்கும். இடம் கிடைத்ததும் தரையில் சோக்கட்டியால் அடையாளமிட்டுவிடுவோம், ஏனென்றால் அம்மா அறையைக் கூட்டும்போது ஸ்டாண்ட் நகரும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு பாடல் எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது. 'ஏ' கோர்ட் வரும் இடமெல்லாம் கிற்றார் குமுறிப் பொங்கியது. நான் 110 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியை மென்பொருளில் வெட்டினேன். போதாதென்று மேலும் வெட்டினேன். அறையில் நன்றாக இருந்தது. கல்முனைக்குப் போய் மச்சானின் வீட்டில் கேட்டால் அதே கோர்ட் எலும்பும் தோலுமாக ஒலித்தது. குற்றம் பதிவில் இல்லை, கேட்ட இடத்தில். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸிலும் அதன் இருமடங்கான 114 ஹேர்ட்ஸிலும் நிலையலைகள், அதாவது நகராமல் ஒரே இடத்தில் நின்று வலுக்கும் அலைகள், எழும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அறையின் நட்டநடுவில்தான் 114 ஹேர்ட்ஸின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நான் கட்டிலை நடுவில் போட்டு அதன்மேல் இருந்துகொண்டு, 110 ஹேர்ட்ஸ் சுரத்தைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளி, காது சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடியில் அமையும்படி இருந்து கேட்டபோது அந்தக் குமுறலின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. செய்த வெட்டுகளை எல்லாம் நீக்கினேன். மெத்தையையும் மருதமுனைச் சாறன்களையும் சுவரில் தொங்கவிட்டால் கைதட்டலின் எதிரொலி குறையும். இந்த அடித்தொனியை அவை தொடவே முடியாது. முட்டை அட்டைகளை ஒட்டுவது அதைவிடப் பயனற்றது. மைக்கை ஸ்பீக்கரோடு நெருக்கி வைப்பதால் பதிவு அறையிலிருந்து பெருமளவு தப்பிவிடுகிறது, காதுதான் தப்புவதில்லை.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெயின் கிற்றாரை மட்டுமன்றி வீட்டின் மின்சாரத்தையும் பெரிதாக்குகிறது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அந்த எண்ணும் அதன் மடங்குகளும் ரீங்காரமாக ஏறும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களால் இதை அடக்கும் ஹம்பக்கரைக் கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் 1955 இல் வடிவமைத்தார். அது இல்லாதவர்கள், வாசிக்கும் திசையை மெல்லத் திருப்பிப் பார்த்தால் ரீங்காரம் அடங்கும் ஒரு கோணம் அகப்படும். என் அறையில் அது வாவியின் பக்கம். பெரும் பகை காற்றாடியின் சுழல் குமிழ் ரெகுலேட்டர். மின்னலையை வெட்டி வேகத்தைக் குறைக்கும் அது, பதிவில் கொசுவைப் போல நுழைந்துவிடும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்திலும் பதியும் நேரத்தில் காற்றாடியை நிறுத்தத்தான் வேண்டும். ரீங்காரத்தைப் போக்க பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வியர்த்த கையில் கம்பி இருக்கும்போது, அம்பின் பழுதிலிருந்து உயிரைக் காப்பது அந்த ஒரு கால்தான். கடற்காற்றில் எங்கள் பக்கம் கம்பிகள் இரண்டு வாரத்தில் துருவேறி மங்கிவிடும். ஆகவே புதிய கம்பியைப் பதிவுக்கு முதல் நாள் மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னர் சுருதி பார்க்கிறேன். உடைந்த ஒலியில் சுருதிப் பிழை மறையும் என்பது பொய். மடங்குகள் பெருகுவதால் பிழையும் பெருகும்.

இரண்டு கிற்றார்கள் இரு பக்கமும் சுவர்போல நிற்கும் அந்த அகலத்தை வேண்டுவோர், ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை முற்றிலும் இடப்பக்கமும் மற்றதை முற்றிலும் வலப்பக்கமும் நிறுத்த வேண்டும். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் இரண்டும் ஒன்றே என்பதைக் காது உடனே கண்டுகொண்டு ஒலியை நடுவில் நிறுத்திவிடும். சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. நகலைச் சிறிது தாமதப்படுத்தினால் அகலம் வந்ததுபோல் இருக்கும். ஆனால் அம்மாவின் பழைய கைப்பேசியில், இருப்பது ஒரே ஸ்பீக்கர் என்பதால், இரண்டும் சேர்ந்து சில அதிர்வுகள் ஒன்றையொன்று தின்று, ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இரண்டு தடவை வாசித்ததில் உள்ள சின்னஞ்சிறு வேறுபாடுகள்தாம் அகலத்தின் உயிர். இடப்பக்கத்துக்கு என் கிற்றாரையும் வலப்பக்கத்துக்கு மச்சான் கொண்டுவரும் ஹம்பக்கர் கிற்றாரையும் வைக்கிறோம். தொடக்கமும் நிறுத்தமும் மட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக விழ வேண்டும். இரண்டு கிற்றாரும் கெயினைக் கூட்டிக்கொண்டு வந்தால் சேறுதான். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கையில் சற்று மெலிந்திருந்தால்தான் சேர்ந்தபோது தடிக்கும்.

பேஸ் கிற்றாரோடு சேரும்போது இது இன்னும் தெளிவாகும். கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. நான் 90 ஹேர்ட்ஸ் அளவில் அடியை வெட்டிவிட்டு அந்த இடத்தை மச்சானிடம் ஒப்படைத்துவிடுகிறேன். பங்க் பதிவுகளில் கிற்றாரின் எடை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு பேஸுக்கு உரியது. முதல் நாள் நான் வெட்டிய கிற்றாரைத் தனியாகக் கேட்டுவிட்டு அவன் முகம் சுளித்தான். "மச்சான், இதுல ஒண்டுமே இல்லயே?" என்றான். அவனுடைய தடத்தைத் திறந்துவிட்டேன். பாடல் முடியும் வரை அவன் பேசவில்லை. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னான்.

இரவில் அம்பை முழக்க முடியாது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்போது கிற்றாரை இன்டர்ஃபேஸின் கிற்றார் உள்ளீட்டில் நேரே கொடுத்து, மென்பொருள் அம்பில் வாசிக்கிறேன். நியூரல் அம்ப் மொடலர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளீட்டின் மின்தடை ஒரு மெகாஓம் அளவில் இருக்க வேண்டும், சாதாரண லைன் உள்ளீட்டில் கொடுத்தால் மேல்தொனி செத்துவிடும். அந்த வெறும் ஒலியைச் சேமித்து வைத்தால், பின்னர் பகலில் அதே வாசிப்பை உண்மையான அம்பின் வழியே அனுப்பி மைக்கால் பதியலாம். எனக்குக் காற்றை அசைக்கும் கூம்புதான் பிடிக்கும். அதற்காக மென்பொருளை இழிவாகப் பேச மாட்டேன். அம்ப் வாங்க வழியில்லாத ஒரு தம்பி அதில் பதிந்த பாடலைக் கேட்டு வியந்திருக்கிறேன்.

இந்தக் கிழமை புதிய பாடலின் இடப்பக்கக் கிற்றார் முடிந்துவிட்டது. பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், பாண் வண்டி தெருவுக்கு வருவதற்கு முன் பதிந்தேன். ஏழாவது தடவையில் சரியாக வந்தது. தரையில் சோக்கட்டி அடையாளம் அப்படியே இருக்கிறது, சனிக்கிழமை வரை அந்தப் பக்கம் கூட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.